தொப்புள்கொடி வியாபாரம்

பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணின் கையில் வழவழப்பான நோட்டீஸ் ஒன்றைக் கொடுக்கிறார்கள். குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் 'வங்கி'யில் போட்டு வையுங்கள், பின்னால் கொடிய நோய் வந்தால் அதுவே காப்பாற்றும் என்கிறது நோட்டீஸ். கட்டணம் பல்லாயிரம் ரூபாய். தவணையும் உண்டாம்! தென்காசியில் பீடி சுற்றும் பெண்ணும், பஞ்சாலைத் தொழிலாளியும், நாற்று நடும் கூலிப் பெண்ணும் காதுத் தோட்டை அடகு வைத்து இதைக் கட்டலாமா? கூடாது என்பதே நமது பதில்.

காரணத்தைச் சொல்கிறோம். ரத்தம் எலும்புக்குள் உள்ள மஜ்ஜையில் பிறக்கிறது. அங்கிருக்கும் மூலச் செல்கள்தாம் அதை ஓயாமல் உண்டாக்குகின்றன. ரத்தப் புற்றுநோயிலும், தலசீமியாவிலும், மஜ்ஜை வற்றிப்போகும் நோயிலும், கெட்ட மஜ்ஜையை மருந்தால் ஒடுக்கிவிட்டு, வேறொருவரின் நல்ல மூலச் செல்களை ரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றுகிறார்கள். இந்தியாவில் 1983-ல் பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரி இதைச் செய்தது. நமது மாநிலத்தில் 1986-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி செய்தது.

மூலச் செல்கள் மூன்று இடத்திலிருந்து கிடைக்கின்றன. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் உறிஞ்சுவது பழைய வழி. கொடுப்பவருக்கு நாலைந்து நாள் ஊசி போட்டு, செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, கை நரம்பு வழியே இயந்திரத்தில் பிரித்தெடுப்பது இரண்டாவது வழி. மூன்றாவதுதான் தொப்புள்கொடி. 1988-ல் பாரிஸில் அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள்.

எது மேல்? கை ரத்தத்திலிருந்து எடுத்த செல்கள் சுமார் இரண்டு வாரத்தில் வேர் பிடிக்கின்றன. மஜ்ஜைக்கு மூன்று வாரம், தொப்புள்கொடிக்கு நாலு வாரம்போல் ஆகும். அதுவரை நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி கிடையாது. சின்னக் காய்ச்சலும் எமனாகும். அப்படியானால் கை ரத்தமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. நட்ட செல்களே நோயாளியின் உடம்பைத் தாக்கும் தொல்லை ஒன்று உண்டு. உறவல்லாதவரிடம் செல் பெற்ற 551 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. இரண்டு வருஷத்துக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், கை ரத்தத்தில் நூற்றுக்கு 51, மஜ்ஜையில் 46. இது பெரிய வித்தியாசமல்ல என்றார்கள் ஆய்வாளர்கள். மஜ்ஜை வேர் பிடிக்காமல் போனது நூற்றுக்கு 9, கை ரத்தம் 3. ஆனால் நாட்பட்ட தாக்குதல் தொல்லை கை ரத்தத்தில் 53, மஜ்ஜையில் 41. தோல் இறுகி, கண் வறண்டு, மூட்டு மடங்காமல் போனவன் தறியில் நிற்பானா, வயலில் குனிவானா? உடலுழைப்பால் பிழைப்பவனுக்கு இந்தக் கணக்குதான் முக்கியம். தலசீமியா போன்ற, புற்றல்லாத நோய்களுக்கு டாக்டர்கள் மஜ்ஜையையே பெரிதும் விரும்புவதும் இதனால்தான்.

தொப்புள்கொடிக்கு வருவோம். ஒரு கொடியில் கிடைக்கும் ரத்தம் கொஞ்சம். சிறு குழந்தைக்குப் போதும், வளர்ந்த ஆளுக்குப் பெரும்பாலும் போதாது. தலசீமியாவோ பிறவிக் கோளாறு. அந்தக் குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே கோளாறு இருக்கும். சொத்தை விதையைப் பத்தாயத்தில் பூட்டி வைத்தால் நல்ல பயிர் முளைக்குமா? தனக்கென்று சேமித்து வைக்க விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ம் வருஷ வழிகாட்டுதலே கூறுகிறது. நோட்டீஸ் அடிப்பவர்கள் அதை அச்சிடுவதில்லை! வீட்டில் மூத்த குழந்தைக்கு ஏற்கெனவே இந்த நோய் இருந்தால் விஷயம் வேறு. அப்போது தம்பி தங்கையின் கொடி ரத்தம் உதவக்கூடும். அதை டாக்டர் சொல்லட்டும், தரகர் சொல்ல வேண்டாம்.

கூடப் பிறந்தவர் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பொருத்தம் கிடைக்காவிட்டால்? இன்று தாயோ தகப்பனோ பாதிப் பொருத்தத்திலேயே கொடுக்க முடிகிறது. சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய, மலிவான மருந்து இதைச் சாத்தியமாக்கியது. உறவினரின் பாதிப் பொருத்த மஜ்ஜையையும் பிறரது தொப்புள்கொடி ரத்தத்தையும் ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் வந்தது. இரண்டு வருஷம் கடந்து உயிரோடிருந்தவர்கள் மஜ்ஜையில் நூற்றுக்கு 57, கொடியில் 46. தாய் தகப்பன் மஜ்ஜைக்கு விளம்பரம் கொடுக்க எந்தக் கம்பெனி முன்வரும்?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. வருமான வரம்பு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய். ஆனால் தென்காசியிலிருந்து வேலூருக்குப் போய், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி அருகே வாடகை கொடுத்துத் தங்கும் தாய்க்கு, இழந்த கூலியை யார் தருவது? ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. என்று ஒன்றாவது உண்டு. விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. சிகிச்சைக் காலம் முழுவதும் தங்கும் செலவும் கூலி ஈடும் வேண்டும், பின்தொடர் பரிசோதனையைத் தென்காசி மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே செய்ய வேண்டும் என்று நமது சங்கங்கள் சர்க்காரிடம் கேட்க வேண்டும்.

சங்கங்கள் உடனே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. உறவில் பொருத்தம் இல்லாதவர்களுக்காக, செல் கொடுக்க முன்வருவோரின் பட்டியலைச் சென்னையில் 2009-ல் தொடங்கிய 'தாத்ரி' ஸ்தாபனம் வைத்திருக்கிறது. 18 முதல் 50 வயதுள்ள ஆரோக்கியமானவர் சேரலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தால் போதும். ஆலை வாசலில் ஷிப்ட் மாறும் நேரத்தில் அரைமணியில் ஒரு முகாம் நடத்திவிடலாம்.