தகட்டைப் பார்க்காதீர்கள், எஞ்சினைப் பாருங்கள்

முதல் உலகப்போர் காலத்து இரட்டை இறக்கை போர் விமானம் ஒன்றை யாராவது புதிதாகக் கட்டிப் பறக்கவிட்டால் போதும், உடனே ஒரு கூட்டம் கிளம்பிவிடும். "இது ஒரிஜினல் இல்லையே, நகல்தானே?" ஏதோ கவரிங் நகையைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி ஒரு பெருமை!

எது ஒரிஜினல்? 1917ல் போர்முனைக்கு வந்த சோப்வித் கேமல் விமானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 5,500 கேமல்கள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கட்டியது சோப்வித் கம்பெனியே இல்லை. ரஸ்டன் ப்ராக்டர், போல்டன் அண்ட் பால் என்று வேறு கம்பெனிகள் வரைபடத்தை வைத்துக் கட்டிக் கொடுத்தன. மரச்சட்டம், மேலே துணி, துணியை விறைப்பாக்க ஒரு பூச்சு, அவ்வளவுதான். துணி கிழிந்தால் வேறு துணி. இறக்கை முறிந்தால் வேறு இறக்கை.

இன்றைக்கு நடக்கும் கூத்து என்னவென்றால், புது மரம், புதுத் துணி, புதுக் கம்பி எல்லாம் போட்டு, எங்கோ கிடைத்த பழைய தகடு ஒன்றை மட்டும் ஒட்டினால் அது "ஒரிஜினல்". அதே வரைபடத்தைப் பார்த்து ஆணி பிசகாமல் கட்டியவருடையது "நகல்". இங்கிலாந்தில் தன்னார்வலர்கள் கூடி சோப்வித் மூன்றடுக்கு விமானம் ஒன்றைக் கட்டினார்கள். சர் தாமஸ் சோப்வித் அப்போது உயிரோடு இருந்தார். இது நகல் இல்லை, கொஞ்சம் தாமதமாக வந்த உற்பத்தி என்று சொல்லிவிட்டார். முதலாளியே சொன்ன பிறகு மற்றவர்களுக்கு என்ன கஷ்டம்? அதே குழு கட்டத் தொடங்கிய கேமல், 2017ல் ஓல்ட் வார்டனில் பறந்தது.

ஆனால் இதைச் சாக்காக வைத்து எதற்கு வேண்டுமானாலும் கேமல் என்று பெயர் வைக்க முடியாது. அந்த விமானத்தின் உயிர் அதன் ரோட்டரி எஞ்சின். கிராங்க் ஷாஃப்ட் அசையாது. ஒன்பது சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து நிமிடத்துக்கு 1,250 தடவை சுற்றும். அத்தனை கனமான இரும்பு மூக்கில் பம்பரமாகச் சுற்றினால் விமானம் சொன்னபடி கேட்குமா? வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே இறங்கும், இடப்பக்கம் திருப்பினால் மேலே ஏறும். காரில் இருப்பது போல வேகத்தை நிதானமாகக் குறைக்கவும் வழியில்லை. பொத்தானை அழுத்தி இக்னிஷனை விட்டுவிட்டு அணைத்துத்தான் தரையிறங்க வேண்டும். உயவுக்கு ஊற்றிய விளக்கெண்ணெய் புகையாக விமானியின் முகத்தில் அடிக்கும். (விளக்கெண்ணெய் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று தமிழர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.) கேமல் ஓட்டிச் சண்டையில் இறந்தவர்கள் 413 பேர், சண்டையே இல்லாமல் இறந்தவர்கள் 385 பேர் என்று கணக்கு சொல்கிறது. அந்த 385க்குக் காரணம் புரிய வேண்டுமானால் அந்த எஞ்சின் இருக்க வேண்டும்.

அலுமினியக் குழாயில் எட்டில் ஏழு பங்கு அளவில் ஒரு நியூபோர் 11 கட்டி, ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சின் மாட்டிப் பறக்கிறார்கள். கராஜில் கட்டலாம், செலவு குறைவு, உயிருக்கும் ஆபத்து குறைவு. தாராளமாகப் பறக்கட்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் கண்காட்சியில் நிறுத்தி, "அன்றைய விமானிகள் அனுபவித்தது இதுதான்" என்று பையன்களிடம் சொல்வது பச்சைப் பொய். எந்த எஞ்சின் என்று பெரிய எழுத்தில் ஒரு போர்டு வைத்தால் என்ன குறைந்துவிடும்? சிலிண்டர் சுற்றாத ரேடியல் எஞ்சினை மூடிக்குள் ஒளித்து வைத்திருப்பவர்களுக்கும் இதே கேள்விதான்.

இதைவிடப் பெரிய அநியாயம் பழைய விமானங்களுக்கு நடக்கிறது. அசல் கேமல்களில் மிச்சமிருப்பவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றைப் பறக்க வைக்க வேண்டுமென்றால் நூறு வருடத்து மரத்தையும் பசையையும் நம்ப முடியாது, பிடுங்கி எறிய வேண்டும். 1917ல் ஒரு தச்சர் போட்ட பென்சில் குறி, அவசரத்தில் அடித்த ஒட்டு எல்லாம் அதோடு குப்பைக்குப் போகும். பறப்பதற்குப் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொள்ளட்டும். நியூசிலாந்தில் ரோட்டரி எஞ்சினையே புதிதாகச் செய்திருக்கிறார்கள். பழையதை, கிழிந்த துணியோடு அப்படியே விட்டுவையுங்கள்.