கித்தாரில் புகுந்த வண்டு

கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பத்து நாள்களே எஞ்சியிருந்தன. கோவிலின் பின்மாடியில் நமது பாடகர் குழுவினர் பயிற்சி செய்துகொண்டிருந்தனர். பாடல்கள் குறையின்றி அமைந்தன. ஆனால், பாட்டு முடிந்து அமைதி நிலவ வேண்டிய வேளையில், குடத்திற்குள் வண்டு புகுந்தாற்போல் ஓர் இரைச்சல் ஓயாது ஒலித்தது. மின்கித்தாரின் வேலை அது! ஓராண்டுச் சேமிப்பில் அதனை வாங்கிய இளைஞனின் முகம் வாடிப்போயிற்று.

“இரயில் தலைக்கு மேலே ஓடுகிற கம்பிதான் காரணம்” என்றார் ஒருவர். அரக்கோணத்தில் எக்குறை நேர்ந்தாலும் இருப்புப்பாதையின்மீது பழி சுமத்துவது நம்மவர் வழக்கம். இம்முறை அதற்கு ஓரளவு நியாயமும் உண்டு. மின்வண்டிக்கான கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது; அது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. நம் வீட்டு மின்சாரமும் அதே 50 முறைதான். ஆகவே, இரைச்சலைக் காதால் கேட்டு, இது இரயிலுடையது, இது வீட்டினுடையது என்று பிரித்துணர இயலாது.

மற்றோர் இளைஞன் எளிய வழி ஒன்று கூறினான்: “பிளக்கில் உள்ள பெரிய காலை ஒடித்துவிடு. இரைச்சல் நின்றுவிடும்.” எங்கோ கேட்ட அறிவுரை. குறடு கையிலேயே இருந்தது.

நல்லவேளையாக, இரயில்வேயில் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். “தம்பி, முதலில் அந்தக் குறடைக் கீழே வை” என்றார். நாமும் அருகில் நின்று கவனித்தோம்.

முதலில் இரயிலை விசாரித்தார். கோவிலின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, பேட்டரியில் இயங்கும் சிறிய ஒலிபெருக்கியில் கித்தாரை இணைத்தார். வண்டொலி இல்லை. சிறிது நேரத்தில் வண்டி ஒன்று கடந்து சென்றது, அப்போதும் இல்லை. இருப்புப்பாதை விடுதலை பெற்றது. மெயினைப் போட்டு, குழல் விளக்குகளையும் குடிலின் சீரியல் விளக்குகளையும் ஏற்றியதும் வண்டு மெல்லத் தலைகாட்டியது. ஆனால் நாம் முன்பு கேட்ட அளவுக்கு அது பெரிதாக இல்லை. ஆகவே வண்டுகள் இரண்டு இருக்க வேண்டும் என்பது பெரியவரின் முடிவு.

பின்னர் பழைய பெரிய ஒலிபெருக்கியிலேயே இணைத்தார். கித்தாரின் ஒலித்திருகைச் சுழியத்தில் வைத்தபோது முனகல் மட்டுமே. திருகைத் திறந்ததும் பேரிரைச்சல். அடுத்து, “தந்திகளைத் தொடு” என்றார். பொதுவாக, தந்தியில் கை பட்டவுடன் இரைச்சல் தணிய வேண்டும். இங்கோ, கை பட்டதும் கூடியது. பெரியவரின் முகம் மாறிற்று.

“தம்பி, மைக்கில் வாய் படும்போது எப்போதாவது சுரீரென்றதா?”

“நேற்றுக்கூட ஐயா. கை ஈரமாயிருந்ததாலோ என்று நினைத்தேன்.”

அடுத்த நொடியே மின்சாரத்தை நிறுத்திவிட்டார். சுவரிலிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றினார். மேலேயுள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! என்றோ, யாரோ, இரண்டு கம்பிகளோடு வேலையை முடித்துச் சென்றிருக்கின்றனர். “காலை ஒடிக்க வேண்டிய தேவையே இல்லை. இங்கே அது ஒடிந்தே கிடக்கிறது” என்றார்.

வாசகர்கள் இதனைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியின் உலோக உடலில் சிறிதளவு மின்சாரம் கசிவது இயல்பே. அதனை மண்ணில் கொண்டு சேர்ப்பது பச்சை நிற எர்த் கம்பி. அதன் காலே மற்றவற்றினும் நீண்டது. செருகும்போது முதலில் சேரவும், உருவும்போது கடைசியில் பிரியவும் அவ்வாறு செய்திருக்கின்றனர். எர்த் இல்லையெனில், கசிந்த மின்சாரம் உலோக உடலிலேயே தங்கும். கித்தாரின் தந்திகளோ, இணைப்புக் கம்பியின் வழியாக அதே உலோக உடலோடு தொடர்புடையவை. மைக், எர்த் உள்ள வேறொரு கருவியோடு இணைந்தது. தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவனின் உடலே இரண்டுக்கும் நடுவே பாலமாகிவிடுகிறது. கசிவு சிறிதாயிருந்தால் சுரீரென்னும். உள்ளே காப்பு பழுதுபட்டுவிட்டால் 230 வோல்ட்டும் அவ்வழியே பாயும்.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 1972ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துக் கித்தார்க் கலைஞர் மேடையில் நின்றவாறு, எர்த் இணைப்புச் சரியில்லாத மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி இறந்தார். அவருக்கு வயது 27.

மறுநாள் புதிய எர்த் கம்பி இழுக்கப்பட்டது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும் பொருத்தப்பட்டது. செலவுக் கணக்கைப் பார்த்துப் பொருளாளர் முகம் சுளித்தார் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். சுரீர் போயிற்று, பேரிரைச்சலும் போயிற்று. ஆயினும் வேறொரு முனகல் எழுந்தது. மைக் கருவி ஒரு சுவரிலும் ஒலிபெருக்கி மறு சுவரிலும் மின்சாரம் பெற்றதால், இரு எர்த் வழிகளும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டனவாம். இத்தகைய முனகலுக்குத்தான் சிலர் காலை ஒடிக்கச் சொல்கின்றனர். பெரியவர் இரண்டையும் ஒரே பலகையில் செருகினார், முனகல் அடங்கிற்று.

எஞ்சியது விளக்குகளின் சிறு வண்டு. தந்திகளுக்கு அடியிலுள்ள பிக்கப் என்னும் கம்பிச்சுருள், தந்தியின் அதிர்வோடு அருகிலுள்ள மின்காந்த அலைவையும் பிடித்துக்கொள்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் என்பவர், எதிரெதிராக அமைந்த இரு சுருள்களைச் சேர்த்து, தந்தியின் ஒலி கூடவும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கவும் வழி கண்டார். ஹம்பக்கர் என்று அதற்குப் பெயர். நம் இளைஞனின் கித்தாரில் இருப்பது ஒற்றைச் சுருள். அவன் கித்தாரோடு மெல்லச் சுழன்று சுழன்று பார்த்து, வண்டு உறங்கும் திசை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான்.

அத்திசை தூணை நோக்கியது. நள்ளிரவுத் திருப்பலி முழுவதும் அவன் தூணைப் பார்த்தே வாசித்தான். “பிள்ளைக்கு யார்மேல் கோபம்?” என்று அவனுடைய பாட்டியார் நம்மிடம் வினவினார்.