பல்கலைக்கழகமும் பங்குக் குடும்பமும் சேர்ந்து திறந்த கதவு



2013ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், இத்தாலியின் லாம்பெதூசா தீவுக்கு அருகே அகதிகளை ஏற்றி வந்த படகு ஒன்று தீப்பிடித்துக் கவிழ்ந்தது. 368 பேர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எரித்ரிய நாட்டு இளையோர். முடிவே தெரியாத கட்டாய இராணுவப் பணிக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறும் எரித்ரியர் முதலில் எத்தியோப்பியாவின் முகாம்களை அடைவர். அங்கே எதிர்காலம் தெரியாதபோது சூடான், லிபியா என்று பாலைவனம் கடந்து, கடத்தல்காரர்களிடம் பணம் கட்டி, கடைசியில் கடலில் இறங்குவர். இதுவே அவர்கள் அறிந்த பாதை.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2019இல், அதே எத்தியோப்பியாவில் அகதிகளாக வாழ்ந்த ஒரு சில இளையோர் இத்தாலிக்கு வந்தனர். இவர்கள் விமானத்தில் வந்தனர். கையில் மாணவர் விசா இருந்தது. அவர்களை வரவழைத்தவற்றுள் முதன்மையானது போலோஞா பல்கலைக்கழகம். அப்போது வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 'அகதிகளுக்கான பல்கலைக்கழகப் பாதை' என்னும் இத்திட்டத்தில் அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட இத்தாலியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்துகொண்டன. எத்தியோப்பியாவோடு நில்லாமல் கமரூன், மலாவி, மொசாம்பிக், நைஜர் போன்ற நாடுகளில் வாழும் அகதிகளுக்கும் வாய்ப்பு விரிந்தது.

இத்திட்டம் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில் இதில் பல்கலைக்கழகம் செய்வது பாதி வேலைதான்.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பில் அகதிகளுக்கென்று சில இடங்களை ஒதுக்குகிறது. கட்டணம் கிடையாது, உதவித்தொகை உண்டு. ஏற்கனவே இளங்கலைப் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்ணையும் நேர்முகத் தேர்வையும் வைத்துத் தேர்ந்தெடுப்பர். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையமும் இத்தாலிய வெளியுறவுத் துறையும் பயண ஆவணத்தையும் விசாவையும் கவனிக்கின்றன. கடவுச்சீட்டு இல்லாத ஒருவருக்கு விசா வாங்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது நம் ஊர் முகாம்களில் பழகியவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். எத்தியோப்பியாவில் இவ்வேலைகளுக்கு ஓடியாடும் தொண்டு நிறுவனங்களில் ஒன்றின் பெயர் 'காந்தி சேரிட்டி'. நம் தேசத் தந்தையின் பெயர் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

விமானம் இறங்கியபின் தொடங்குவதுதான் மற்றப் பாதி. அங்கே வருகிறார்கள் இத்தாலிய காரித்தாஸ் அமைப்பினரும், வால்தென்சிய சபையின் தியாகோனியா அமைப்பினரும், உரோமையில் இயேசு சபையினரின் அகதிகள் பணியான அஸ்தாலி மையத்தினரும். குறிப்பாக காரித்தாஸ் தன் மறைமாவட்டக் கிளைகள் வழியாக அந்தந்த ஊரில் ஒரு குடும்பத்தையோ ஒரு சிறு தன்னார்வக் குழுவையோ தேடுகிறது. அந்தக் குடும்பத்தின் வேலை பாடம் சொல்லித் தருவதன்று. வரி அடையாள எண் வாங்க எந்த அலுவலகத்துக்குப் போவது, காய்ச்சல் வந்தால் எந்த மருத்துவரிடம் பதிவு செய்வது, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் காவல் நிலையத்தில் எப்படிப் பேசுவது, எந்தக் கடையில் அரிசி மலிவு, குளிர்காலத்துக்கு எப்படிப்பட்ட சட்டை வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதும் கூடவே போவதும்தான் அவர்களுடைய வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக அறையில் உட்கார்ந்திராதே, வீட்டுக்கு வா என்று கூப்பிடுவதும் அதில் அடங்கும்.

'பல்கலைக்கழகம் சமூகத்தோடு கைகோக்கிறது' என்று விழா மேடைகளில் அடிக்கடிக் கேட்கிறோம். பெரும்பாலும் அதற்குப் பொருள், பேராசிரியர்கள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து, கேள்வித்தாள் கொடுத்து, பதில் வாங்கிக்கொண்டு போவது. ஊர் மக்கள் அங்கே ஆய்வுப் பொருள். போலோஞா போன்ற இடங்களில் நடப்பது அதற்கு மாறானது. பல்கலைக்கழகத்திடம் இடமும் பட்டமும் உண்டு. ஆனால் ஒரு மனிதரை வாழவைக்கும் சாதாரண அறிவு அதனிடம் இல்லை. அது பங்குக் குடும்பத்திடம் இருக்கிறது. அந்தக் குடும்பத்திடமோ உலகைப் பற்றிய செய்தி தொலைக்காட்சி சொல்லும் அளவுக்குத்தான் இருந்தது. எரித்ரியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாத ஒரு பாட்டியம்மாவுக்கு அந்நாட்டு மாணவர் ஒருவர் வாரந்தோறும் எதிரில் அமர்ந்து உண்ணும்போது, அகதிகள் பிரச்சினை என்பது தலைப்புச் செய்தியாக இராமல் ஒரு பெயராகவும் முகமாகவும் மாறுகிறது. பன்னாட்டு உறவு பற்றிய கருத்தரங்கு பத்து நடத்தினாலும் இது கிடைக்காது என்பதே என் எண்ணம்.

இந்த எண்ணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. 2016 பிப்ரவரியில் சாந்த் எஜிதியோ அமைப்பும் பிரிந்த சபையினரும் சேர்ந்து லெபனானிலிருந்து சிரிய அகதிகளை 'மனிதாபிமானப் பாதைகள்' என்ற பெயரில் இத்தாலிக்கு அழைத்து வந்தனர். 2017இல் இத்தாலிய ஆயர் பேரவையும் எத்தியோப்பியாவிலிருந்து அவ்வாறே அழைத்துவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. விமான நிலையத்திலிருந்து நேராகப் பங்குகளுக்கும் குடும்பங்களுக்கும் அவர்கள் அனுப்பப்பட்டனர். பல்கலைக்கழகங்கள் பின்னால் வந்து சேர்ந்தன. அதாவது ஊர் முன்னே போனது, கல்விக்கூடம் அதைப் பின்தொடர்ந்தது.

போலோஞா இதைத் தொடங்கி வைத்ததற்கு ஒரு பழைய நினைவும் காரணமாயிருக்கலாம். 1256, 1257ஆம் ஆண்டுகளில் அந்நகராட்சி தன் எல்லைக்குள் இருந்த 5,800க்கும் மேற்பட்ட கொத்தடிமைகளை அவர்களுடைய எசமானர்களிடமிருந்து விலைகொடுத்து மீட்டு, அவர்கள் பெயர்களை ஒரு நூலில் எழுதி வைத்தது. அதன் பெயர் 'விண்ணக நூல்' என்று பொருள்படும். திருத்தந்தை பிரான்சிஸ் 2017 அக்டோபர் 1ஆம் நாள் போலோஞாவுக்கு வந்தபோது முதலில் அகதிகள் மையத்துக்குச் சென்று, அங்குள்ளோர் அணியும் அடையாளப் பட்டையைத் தாமும் கையில் கட்டிக்கொண்டு, இந்த வரலாற்றை நினைவூட்டினார். அன்றே பல்கலைக்கழக மாணவரையும் பேராசிரியரையும் சந்தித்துப் பேசினார். விடுதலை பெற்றவர்கள் வரி கட்டும் குடிமக்களாவர் என்ற கணக்கும் நகராட்சிக்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டுமே. கணக்கோடு செய்த நன்மையும் அந்த மனிதர்களுக்கு விடுதலையாகவே இருந்தது.

இனி, குறைகளையும் பேசியாக வேண்டும்.

முதலாவது, எண்ணிக்கை. எத்தியோப்பியா ஒன்றில் மட்டும் பல இலட்சம் அகதிகள். உலகெங்கும் அகதி இளையோரில் உயர்கல்விக்குச் செல்பவர்கள் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குப்படி நூற்றுக்கு ஒருவராக இருந்து, 2019ஆம் ஆண்டளவில் மூவராகி, 2024ஆம் ஆண்டு அறிக்கையில் ஏழு பேராக உயர்ந்திருந்தது. மற்ற இளையோரில் இது நாற்பதுக்கும் மேல். 2030க்குள் பதினைந்து விழுக்காட்டை எட்டவேண்டும் என்பது இலக்கு. இத்தாலிய வகுப்பறைகளில் ஒதுக்கப்படும் சில இடங்கள் இந்தக் கடலில் ஒரு துளி. அதிலும் ஏற்கனவே பட்டம் பெற்ற, நல்ல மதிப்பெண் உள்ள, ஆங்கிலம் அறிந்தவருக்கே அந்தத் துளி கிடைக்கிறது. முகாமில் மற்றவர்களுக்கு வழிகாட்டக்கூடிய ஒருவரை எடுத்துக்கொண்டு போய்விட்டால் முகாமுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அவர் அங்கேயே இருந்தால் என்ன ஆவார் என்பதையும் கேட்க வேண்டும். 2020 நவம்பரில் டிக்ரே போர் மூண்டது. எரித்ரிய அகதிகள் தங்கியிருந்த ஷிமெல்பா, ஹிட்சாட்ஸ் முகாம்கள் இரண்டும் அடுத்த சில மாதங்களில் அழிந்தன.

இரண்டாவது குறை, படிப்பு முடிந்தபின் என்ன என்பது. இரண்டு ஆண்டு உதவித்தொகை நின்றதும் வேலை தேடுவதற்கென்று சில மாதம் தங்கும் அனுமதி வாங்கலாம். வேலை கிடைக்க வேண்டுமே! ஆங்கிலத்தில் படித்தவருக்கு இத்தாலிய மொழி போதாமற்போகிறது. இந்த இடத்திலும் கைகொடுக்கக்கூடியது ஊர்தான், உள்ளூர்த் தொழிலதிபர்களையும் அறிமுகங்களையும் வைத்து.

முதல் குறைக்கு இயேசு சபையினர் வேறொரு விடை தேடினர். மாணவரைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவருவதற்குப் பதில், பல்கலைக்கழகத்தை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 2010இல் கென்யாவின் ககூமா முகாமிலும் மலாவியின் ட்ஸலேக்கா முகாமிலும் இணையவழி வகுப்புகள் தொடங்கின. அமெரிக்காவின் டென்வர் நகரிலுள்ள ரீஜிஸ் பல்கலைக்கழகம் பட்டயச் சான்றிதழ் வழங்கியது. படித்தவர்கள் முகாமிலேயே ஆசிரியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்தனர். இது செலவு குறைவு, பலருக்கு எட்டுவது. ஆனால் சான்றிதழ் கிடைத்தபின்பும் முகாமின் வேலியைத் தாண்ட உரிமை இல்லை. வேலையே செய்யக்கூடாது என்று சட்டம் உள்ள நாட்டில் பட்டயம் எதற்கு என்று ஒருவர் கேட்டால் நேரான பதில் இல்லை. ஆகவே இரண்டு வழியும் வேண்டும்; ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

நம் நாட்டுக்கு வருவோம். 1983 முதல் வந்துகொண்டிருந்த ஈழத்து மக்களில் ஏறத்தாழ 58,000 பேர் தமிழகமெங்கும் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்வதாக 2021ஆம் ஆண்டு அரசு கூறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடி ரூபாய் நலத்திட்டங்களையும் 7,469 புதிய வீடுகளையும் அறிவித்து, 'அகதிகள் முகாம்' என்ற பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. முகாம் பிள்ளைகளின் படிப்பு இவ்வளவு தூரம் வந்ததற்கு, சந்திரஹாசன் அவர்கள் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், இயேசு சபையினரின் அகதிகள் பணியும், இடம் கொடுத்த பல கல்லூரிகளும் காரணம். 1991க்குப் பின் சில ஆண்டுகள் கல்லூரிக் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்ததையும் மறந்துவிடக் கூடாது.

இன்றோ கதவு திறந்திருக்கிறது. அதைத் தாண்டியபின் சுவர் நிற்கிறது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 சனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்கு ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அது ஆறுதல்தான். ஆனால் விலக்கு வேறு, குடியுரிமை வேறு. பொறியியல் பட்டம் பெற்றும் வண்ணம் பூசும் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் முகாம்களில் உண்டு. அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள், தமிழ் பேசுபவர்கள், பலர் நம்மோடு ஒரே திருப்பலியில் நிற்பவர்கள்.

நம் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. ஆண்டுதோறும் ஏழு நாள் முகாம் போடுகிறார்கள். குளம் தூர்வாருகிறார்கள், மரக்கன்று நடுகிறார்கள். நல்லதே. ஆனால் கல்லூரிச் சுவரிலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள மறுவாழ்வு முகாமுக்குப் போய், அங்குள்ள பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தவர்கள் எத்தனை பேர்?

ஈழத்தவர் மட்டுமல்லர். திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டுமானங்களிலும் பீகார், ஒடிசா, சார்க்கண்டு மாநிலத்தவர் உழைக்கின்றனர். 2023 மார்ச்சில், அவர்கள் இங்கே தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, அச்சத்தில் பலர் ஊருக்குக் கிளம்பினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அவர்களோடு அவர்கள் மொழியில் பேசக்கூடிய ஒரு கல்லூரி மாணவர் குழு ஒவ்வொரு ஊரிலும் முன்பே இருந்திருந்தால், அந்தப் பொய் அத்தனை வேகமாக ஓடியிருக்குமா? இந்தித் துறையும் சமூகப்பணித் துறையும் உள்ள கல்லூரி, ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் ஒரு பங்கு அரங்கைக் கேட்டு வாங்கினாலே போதும். அங்கே தமிழ் சொல்லிக்கொடுக்கலாம், கூலிப் பாக்கிக்கு மனு எழுதித் தரலாம்.

வரும் மே, சூன் மாதங்களில் கல்லூரிச் சேர்க்கை நடக்கும். மறுவாழ்வு முகாம் உள்ள பங்குகளில் அருள்பணிப் பேரவை இப்போதே கூடி, இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் முகாம் பிள்ளைகள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, அருகிலுள்ள கல்லூரி முதல்வரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே, முதல் பருவக் கட்டணத்துக்கும் பேருந்துச் செலவுக்கும் பொறுப்பேற்கும் ஒரு குடும்பத்தின் பெயரையும் எழுதிக்கொண்டு போகவேண்டும்.