பழைய சைக்கிளும் மொத்த ஏலமும்

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஸஹாரன்பூர் ஜில்லாவில் 2022-ஆம் வருஷத்தில் நடைபெற்ற ஓர் ஏலத்தைப் பற்றி நம் வாசகர்களிற் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். கேள்விப்பட்டவர்களும் இதற்குள் மறந்திருக்கலாம். 2020-இல் கொரோனா நோயின் பொருட்டுத் தேசமெங்கும் ஊரடங்கு உத்தரவு பிறந்து, ரயிலும் பஸ்ஸும் நின்றுபோன நாட்களில், பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கூலி வேலை செய்துவந்த தொழிலாளர்கள் கையிலிருந்த கடைசிப் பணத்தைக் கொடுத்துச் சைக்கிள் வாங்கிக்கொண்டு கிழக்கே தங்கள் ஊர்களை நோக்கிப் புறப்பட்டார்கள். அவற்றிற் பெரும்பாலானவை பழைய சைக்கிள்களே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸஹாரன்பூர் எல்லையில் அதிகாரிகள் அவர்களை நிறுத்திப் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். வண்டிகள் அங்கேயே தங்கின. பின்னர் ஆயிரக்கணக்கானோர் வந்து தங்கள் வண்டிகளை மீட்டுச் சென்றனர். கேட்பாரற்று நின்றவை 5,400. இரண்டு வருஷகாலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த பிறகு அவை மொத்தமாக இருபத்தொரு லக்ஷத்துச் சொச்ச ரூபாய்க்கு ஏலம் போயின. வகுத்துப் பார்த்தால் வண்டி ஒன்றுக்கு நானூறு ரூபாய்கூடத் தேறவில்லை!

எல்லையில் நிறுத்தி பஸ்ஸில் ஏற்றியதை நாம் குறை கூறவில்லை. கொளுத்தும் வெயிலில் ஆயிரம் கிலோமீட்டர் மிதித்துச் செல்வதைவிட அது மேலானது. திரும்பி வராதவர்களையும் குறை கூறுவதற்கில்லை. பீஹாரின் ஒரு மூலையிலிருந்து ஸஹாரன்பூருக்கு வந்துபோகும் செலவு வண்டியின் விலையை விழுங்கிவிடும். நாம் கேட்பது வேறு. நானூறு ரூபாய்க்குச் சைக்கிள் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால், அந்த ஜில்லாவிலேயே அதை வாங்கிக்கொள்ள எத்தனை ஆயிரம் ஏழைகள் வரிசையில் நின்றிருப்பார்கள்? ஆனால் ஐயாயிரம் சைக்கிளை மொத்தமாக ஏலம் கேட்க எந்த ஏழையால் முடியும்? ஒரே ஒரு வண்டி வேண்டியவனுக்கு அந்த ஏலத்தில் இடமே இல்லை. லக்ஷங்களை முன்கூட்டிக் கட்டத்தக்க கண்டிராக்டருக்குத்தான் இடம் உண்டு.

இது எங்கோ வடக்கே நடந்த சங்கதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நமது தமிழ்நாட்டிலும் போலீஸ் நிலையங்களின் கொல்லைப்புறத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே துருவேறிக் கிடக்கும் வாகனக் குவியல் தெரிந்ததே. மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும். அடியில் நசுங்கிக் கிடப்பது சைக்கிள். இப்படிப் போட்டுவைப்பதைச் சட்டம் கேட்கவுமில்லை. கைப்பற்றிய வாகனங்களை நெடுங்காலம் போலீஸ் நிலையத்தில் வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ஆம் வருஷத்திலேயே குஜராத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியிருக்கிறது. 2024-ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்துள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கைப்பற்றிய பொருளைப் பற்றி விவரக் குறிப்பு எழுதிப் படமும் பிடித்துவிட்டால், விசாரணை முடியும்வரை காத்திராமலே அதை ஒப்படைக்கவோ விற்கவோ உத்தரவிடலாம் என்பது அதன் ஏற்பாடு. உரிமை கோருவாரற்ற பொருளுக்கு ஆறு மாத அறிவிப்பு என்பது பழைய சட்டத்திலும் உண்டு, புதியதிலும் உண்டு. ஆகவே சட்டத்தின்மேல் பழி போட வழியில்லை. எஞ்சியிருப்பது அசிரத்தை ஒன்றே.

சைக்கிள் ஓர் அற்ப வஸ்து, அதற்குத் தலையங்கம் எழுத வேண்டுமா என்று நகரத்து நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். அவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வேலைத் தலம் ஆறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒரு தொழிலாளி நடந்து சென்றால் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷமாகும். சைக்கிளில் நிதானமாக மிதித்தாலும் இருபத்தைந்து நிமிஷத்துக்குள் போய்ச் சேருவான். போக வர இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம் அவனுக்கு மீதி. அந்த நேரத்தில் அவன் தூங்கலாம், குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், சங்கத்துக்குப் போகலாம். தவணைக் கடனில் மோட்டார் சைக்கிள் வாங்கியவனுக்கும் அந்த நேரம் கிடைக்கிறது என்பது மெய்தான். ஆயின் மாதாமாதம் அதற்கு வட்டியும் பெட்ரோலும் அழ வேண்டும். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் நூற்றுக்கு 44.8 குடும்பங்களில் சைக்கிள் இருந்தது. மோட்டார் பூண்ட இரு சக்கர வண்டி இருந்த குடும்பங்கள் 21 மாத்திரமே. அதற்குப் பின் நிலைமை வெகுவாக மாறியிருக்கலாம். என்றாலும், விடியற்காலையில் கட்டட வேலைக்குச் செல்லும் கூட்டத்தைப் பார்ப்பவர்கள் சைக்கிளின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள்.

புதிய கறுப்புச் சைக்கிளின் விலையோ ஐயாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. வரியை 2025 செப்டம்பரில் நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகக் குறைத்திருப்பது நல்ல காரியமே. ஆயினும் தினக்கூலிக்காரனுக்கு அந்தக் குறைப்பினால் கடை வாசல் திறந்துவிடாது. அவன் தேடுவது இரண்டாங்கை வண்டி.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தைப் போக்க விரும்புகிறோம். பழையது என்றாலே கெட்டது என்ற எண்ணம் சைக்கிள் விஷயத்தில் சரியன்று. சுதந்திரத்துக்கு முன் நம் நாட்டுத் தெருக்களில் ஓடியவை பெரும்பாலும் ராலே, ஹம்பர், பி. எஸ். ஏ. முதலிய இங்கிலீஷ் வண்டிகள். சென்னையில் 1949-இல் டி. ஐ. சைக்கிள் கம்பெனியும், ஸோனிபட்டில் 1951-இல் அட்லஸும், லூதியானாவில் 1956-இல் ஹீரோவும் தோன்றியபோது, அவை யாவும் அந்த இருபத்தெட்டு அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் உள்ள அமைப்பையே மேற்கொண்டன. அந்த அமைப்பு இன்றளவும் அதிகமாக மாறவில்லை. அதன் பலன் என்ன? ஒரு கம்பெனி வண்டியின் கோட்டர் பின் மற்றொன்றுக்குச் சேரும். முப்பது வருஷத்து வண்டிக்கு இன்று வாங்கிய டயர் பொருந்தும். அட்லஸ் கம்பெனியின் கடைசித் தொழிற்சாலை 2020 ஜூன் 3-ஆம் தேதி, அதாவது ஐக்கிய நாடுகள் சபை உலக சைக்கிள் தினமென்று கொண்டாடச் சொன்ன அதே தினத்தில், கதவை மூடிற்று. விசித்திரமான கொண்டாட்டம்! ஆனாலும் அட்லஸ் வண்டி வைத்திருப்பவன் அதனால் திண்டாடவில்லை. பல கியர்களும் முன்னும் பின்னும் வில்லும் வைத்த நாகரிகச் சைக்கிள் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவன்தான் திண்டாடுவான். அதில் ஒரு சிறு உறுப்பு ஒடிந்தால் அவன் ஜில்லாத் தலைநகரத்துக்குப் போக வேண்டும். அங்கும் கிடைக்குமென்பது நிச்சயமில்லை.

எனவே ஆயிரத்தைந்நூறு ரூபாயோடு வருகிறவனுக்கு நமது யோசனை, கறுப்பு வண்டியையே பார் என்பது. வர்ணத்தைப் பார்க்க வேண்டாம். வண்டிக்குப் பின்னால் நாலு முழம் தள்ளி நின்று இரண்டு சக்கரமும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்கட்டும். ஹாண்டில் பாருக்குக் கீழே பிரேமின் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் வர்ணம் சுருங்கியோ உப்பியோ இருந்தால், அந்த வண்டி எதிலோ மோதியிருக்கிறது. ஃபோர்க்கும் பின்னுக்கு வளைந்திருக்கும். அதையும், வெல்டு வைத்த பிரேமையும் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. மற்றக் குறைகள் யாவும் பேரத்துக்கு உரியவை. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் பிரேக் கட்டைக்கு நடுவே அது ஆடுகிறதா? கோட்டம் எடுத்தால் சரியாகும். ஆனால் ரிம் பள்ளம் விழுந்திருந்தால் சரியாகாது. பெடல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்கிறதா? சிறு செலவு. பல்சக்கரத்தின் பற்கள் கொக்கிபோல் வளைந்திருந்தால், செயினையும் சேர்த்து மாற்ற வேண்டும். அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். மேலே படிந்த துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆசனத் தண்டு குழாயோடு ஒட்டிப்போய் அசைய மறுத்தால் மட்டும் யோசிக்க வேண்டும். ஏனெனில், உயரம் பொருந்தாத ஆசனம் முழங்காலைக் கெடுத்துவிடும். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடிக்கு வரும்போது கால் நேராக நீண்டால் அதுவே சரியான உயரம். நம் தொழிலாளர்களில் அநேகர் ஆசனத்தை ஒரு சாணுக்குக் குறைவாக இறக்கி வைத்துக்கொண்டு, வண்டி கனமாயிருக்கிறதென்று சொல்லுகிறார்கள்.

முக்கியமான ஒன்று: பிரேமில் வெட்டப்பட்டிருக்கும் நம்பர். அது அராவப்பட்டிருந்தால், எத்தனை மலிவானாலும் அந்த வண்டியைத் தொடக்கூடாது. திருட்டுப் பொருளென்று தெரிந்து வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கியவனும் வண்டியை இழப்பான், வழக்குக்கும் அலைவான்.

மலிவான வண்டியின் பயன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குப் புதுக்கோட்டை ஜில்லாவே சாக்ஷி. 1990-களின் ஆரம்பத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் ஸ்திரீகள் கற்க வேண்டுமென்று ஏற்பாடு செய்தார். கல் உடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கென்று செய்த வண்டிகள் போதிய அளவு கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். குறுக்கே உள்ள பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே என்று அதையே மேலாகக் கருதியவர்களும் உண்டு. நமது அரசாங்கம் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாக வழங்கும் சைக்கிள்களையும் இங்கே நினைக்கிறோம். படிப்பு முடிந்த பின் அவற்றிற் சில கைமாறுவதைப் பெரிய முறைகேடாகச் சிலர் பேசுகின்றனர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. மாணவன் படிக்கும் காலத்திலேயே விற்றால் குறைதான். படித்து முடித்தவன் வீட்டில் துருப்பிடிப்பதைவிட, ஒரு பால்காரனிடமோ சித்தாளிடமோ அது போய்ச் சேருவது பொதுப் பணத்துக்கு இரண்டாம் முறை கிடைக்கும் பலனல்லவா?

ஆகையால், பழைய சைக்கிள் நாட்டில் இல்லாமற் போகவில்லை. போலீஸ் நிலையத்திலும், ரயில்வே ஸ்டேஷன் வண்டி நிறுத்துமிடத்திலும், ஸஹாரன்பூரைப் போன்ற மைதானங்களிலும் அது பூட்டப்பட்டுக் கிடக்கிறது. பூட்டைத் திறக்கும் முறைதான் தவறு. மொத்த ஏலம் உத்தியோகஸ்தருக்குச் சுலபம். ஒரே ரசீது, ஒரே கையெழுத்து. ஆனால், மொத்தமாகப் போகும் சைக்கிள் இரும்பின் எடைக்குப் போகிறது. ஒன்றொன்றாகப் போகும் சைக்கிள் ஒரு குடும்பத்துக்குப் போகிறது. கஜானாவுக்கும் நானூறுக்கு மேல் கிடைக்க இடமுண்டு. உள்துறை அதிகாரிகளும் ரயில்வே அதிகாரிகளும் இந்த ஒரு மாறுதலைச் செய்ய வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்: சைக்கிளைப் பொறுத்தவரை தொகுதி ஏலத்தை நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஒரு வண்டி என்று விற்க வேண்டும். ஆறு மாத அறிவிப்பு முடிந்தவுடனே விற்க வேண்டும். டயர் வெடித்து, ஆரக்கம்பிகள் அற்றுப்போகும் வரையில் காத்திருக்கலாகாது.

ஊரில் அரசியல் வேலை செய்யும் நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தங்கள் பகுதிப் போலீஸ் நிலையத்தில் எத்தனை சைக்கிள்கள் எத்தனை வருஷமாகக் கிடக்கின்றன என்று தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி அவர்கள் கேட்கலாம். 2005-ஆம் வருஷத்திலிருந்து அந்த உரிமை நமக்கு இருக்கிறது. பதில் வந்ததும் அதைக் கலெக்டரிடம் கொண்டுபோகலாம். விற்பனை வைக்கும்போது வண்டியின் நம்பரை எழுதிய ரசீது ஒவ்வொருவனுக்கும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டு இல்லாவிட்டால், போலீஸ் நிலையத்தில் வாங்கிய வண்டியையே அடுத்த முச்சந்தியில் மற்றொரு போலீஸ்காரர் பிடிக்கக்கூடும். உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவரையும் காற்றடிக்கும் பம்பு ஒன்றையும் அங்கே இருக்கச் செய்யலாம். விற்பனை ஞாயிற்றுக்கிழமையில் நடக்கட்டும். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு வைத்தால் அன்றையக் கூலியை விட்டுவிட்டு யாரும் வர இயலாது. வருகிறவர் மறுபடியும் அந்தக் கண்டிராக்டராகத்தான் இருப்பார்.