பிக்ஸலுக்கு விலை, முகத்துக்கு இருள்

வீட்டிலிருந்து காணொளியில் பேச எந்த வெப்கேம் வாங்கலாம் என்று கேட்பவருக்கு எங்கும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: ‘ஃபுல் ஹெச்டி வாங்குங்கள், கையில் காசிருந்தால் 4கே வாங்குங்கள்.’ 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் இலக்கியக் கூட்டங்கள் இணையத்துக்குக் குடிபெயர்ந்தது முதல் நம் வாசக நண்பர்களிடையேயும் இது வேதவாக்காகிவிட்டது. இந்தப் பதில் தவறு என்பது என் தரப்பு. புதுமையின் மீதான வெறுப்பால் இதைச் சொல்லவில்லை. அந்தக் கருவி இயங்கும் விதத்தை வைத்தே சொல்கிறேன்.

வெப்கேமின் பூர்வீகத்தை நினைவுகொள்வது நல்லது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், காபிக் குடுவையில் காபி மிச்சம் இருக்கிறதா என்று இருக்கையில் இருந்தபடியே அறிய ஒரு கேமராவை வைத்தார்கள். 128க்கு 128 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். அறிய வேண்டிய செய்தி அதில் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது. எதைக் காண வேண்டும் என்பது முதலில். எத்தனை புள்ளி என்பது பிறகு. சந்தை இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது.

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 720பி என்பது ஒரு சட்டகத்துக்கு 9,21,600 புள்ளிகள். 1080பி என்பது 20,73,600. 4கே என்பது 82,94,400. அதாவது 720பியைப் போல் சரியாக ஒன்பது மடங்கு. ஒன்பது மடங்கு தெளிவு என்று விற்பனையாளர் சொல்லும்போது நாம் கேட்க மறக்கும் கேள்வி, அந்தப் புள்ளிகள் போகும் வழி எது என்பது. நொடிக்கு 30 சட்டகம் வீதம் 1080பி படத்தைச் சுருக்காமல் முழு நிறத்தில் அனுப்ப ஏறத்தாழ 1,500 மெகாபிட் வேண்டும். யூஎஸ்பி 2.0 கம்பியின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். ஆகவே கேமராவை விட்டுக் கிளம்பும் முன்பே படம் ஒருமுறை நசுங்குகிறது. பிறகு அழைப்புச் செயலி அதை நொடிக்கு மூன்று நான்கு மெகாபிட்டுக்குள், பல வேளைகளில் ஒரு மெகாபிட்டுக்கும் கீழே, மறுபடி நசுக்குகிறது. இருபது பேர் கூடிய கூட்டத்தில் உங்கள் முகம் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் தெரிகிறது. அந்தக் கட்டத்துக்கு 4கே வாங்குவது, அஞ்சலட்டையில் அச்சிடுவதற்காகச் சுவரோவியம் வரைவிப்பதற்குச் சமம்.

இதைவிடப் பெரிய மோசடி ஒளியைப் பற்றிய மௌனம். வெப்கேமின் சென்சார் நகத்தளவுகூட இல்லாத ஒரு சில்லு. அதே பரப்பில் புள்ளிகளைப் பெருக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது. இரவு ஏழு மணிக்கு ஒற்றை ட்யூப்லைட்டின் கீழ் அந்தக் கேமரா என்ன செய்யும்? குறையை ஈடுகட்டச் சமிக்ஞையை மிகைப்படுத்தும். படம் முழுக்க மணல்மணலாகப் புள்ளிகள் துடிக்கும். அல்லது ஒவ்வொரு சட்டகத்தையும் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். நொடிக்கு 30 என்பது 15 ஆகிப் பேசுபவரின் உதடு குரலுக்குப் பின்னால் ஓடும். துடிக்கும் அந்த மணல் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால், சுருக்கும் மென்பொருள் தன் சொற்ப மெகாபிட்டையெல்லாம் அதற்கே செலவிடுகிறது. முகத்துக்கு மிஞ்சுவது எச்சம்தான்.

இங்கே நம் முகங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். தானியங்கிக் கேமரா தன் முன்னுள்ள காட்சியை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும். வெள்ளைச் சுவரின் முன் அமர்ந்த கரிய முகத்தைப் பார்த்ததும் ‘வெளிச்சம் மிகுதி’ என்று முடிவுகட்டி மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். சுவர் அழகாகத் தெரியும், மனிதர் நிழலாவார். இது புதிய வரலாறன்று. 1950கள் முதல் கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் நிறத்துக்கு அளவுகோலாக இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் தோல். 2009 டிசம்பரில், எச்பி கணினியின் வெப்கேம் ஒரு வெள்ளையினப் பெண்ணின் முகத்தைப் பின்தொடர்ந்து, கறுப்பின ஆணின் முகத்தைத் தொடராமல் நின்ற காணொளி உலகெங்கும் பரவியது. முகத்தின் மீது போதிய ஒளி விழாததே காரணம் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. விளக்கம் நுட்ப அளவில் சரியாகவே இருக்கட்டும். எந்த முகத்துக்கு எவ்வளவு ஒளி ‘போதும்’ என்று வகுத்தவர் யார் என்பதே கேள்வி. பெட்டியின் மீது பொறித்த பிக்ஸல் எண் இதற்குப் பதில் சொல்வதில்லை. ‘அழகூட்டும்’ வடிகட்டியோ கரிய தோலை வெளுத்துக் காட்டிக் கணக்கை முடிக்கிறது.

முகத்தில் நாம் எதைத் தேடுகிறோம்? நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணியது. குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. பொருட்பாலில் ஒன்று, காமத்துப்பாலில் ஒன்று. அரசவையிலும் காதலிலும் சொல்லாததை முகத்தில் படிக்கத் தெரிந்த மரபு இது. கடல் கடந்து வாழும் மகளிடம் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று தாய் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தை மகள் அறிய வேண்டும். அதைக் காட்டுவது முகத்தில் விழும் ஒளியும், தடங்காத சட்டகங்களும், தெளிந்த குரலும்தான். தோல்துளையை எண்ணிக் காட்டும் கருவியால் அங்கே யாருக்கும் பயனில்லை.

எதிர்வாதம் வரும் என்று அறிவேன். நல்ல 4கே கருவியில் சென்சார் பெரிதாக இருக்கிறதே? சில மாதிரிகளில் உண்மை. அப்படியானால் சென்சாரைக் கேட்டு வாங்குங்கள், புள்ளியைக் கேட்டு அல்ல. ஓலைச்சுவடியையோ பழம்பதிப்பின் பக்கத்தையோ கேமராவில் காட்டிப் பாடம் நடத்துபவருக்கு நுண்தெளிவு தேவை என்பதையும் மறுக்கவில்லை. முகத்துக்கு முகம் பேசுபவருக்கு அது தேவையில்லை.

வாங்கத்தான் வேண்டுமென்றால் நல்லதொரு 1080பி கருவி தாராளம். மலிவுப் பெட்டிகளில் காணும் ‘25 மெகாபிக்ஸல்’ போன்ற எண்களை நம்பாதீர்கள். அவை இருக்கும் புள்ளிகளுக்கு இடையே மென்பொருள் இட்டு நிரப்பியவை. வெளிச்ச அளவைக் கையால் திருத்தும் வசதி இருக்கிறதா, மின்விளக்குத் துடிப்பைத் தவிர்க்க 50 ஹெர்ட்ஸ் தேர்வு இருக்கிறதா, லென்ஸை மூடும் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் முன்பாக, உங்கள் கைபேசியையே வெப்கேமாக்க முடியுமா என்று பாருங்கள். ஆப்பிள் 2022இலும் ஆண்ட்ராய்டு 2023இலும் இவ்வசதியைத் தந்துவிட்டன. கைபேசியின் பின்கேமரா பெரும்பாலான வெப்கேம்களை விட மேலானது.

மிச்சமாகும் பணத்தில் ஒரு மைக் வாங்குங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் முகம் காட்டி அமருங்கள். இரவென்றால், நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் எல்இடி பல்பை எதிரே வைத்து, நேராகக் கண்ணில் படாதபடி எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பச் செய்யுங்கள். கேமராவைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் இரண்டு போதும். அகராதியைப் புரட்டாத வீட்டிலும் அதற்கு இப்படியாவது ஒரு பயன் கிட்டட்டும்.

ஒரு விளக்கை நகர்த்திவைக்கச் சொல்லி எவரும் விளம்பரம் செய்வதில்லை, அதில் விற்க ஒன்றுமில்லை என்பதால். அதனால்தான் அதை நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.