வீடு விற்காவிட்டால் அரசு வாங்கும்! மைதானம் கேட்டால் நிதி இல்லை!

சோலூருக்கு வந்தவர்களுக்குத் தெரியும். (கோத்தகிரி பக்கத்துச் சோலூர்மட்டம் அல்ல, உதகை வட்டத்துச் சோலூர் பேரூராட்சியைச் சொல்கிறோம்.) ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட அடுக்கு நிலம். சமதரை என்பது இந்த மலையில் தங்கத்துக்குச் சமம். பந்தை ஓங்கி அடித்தவனுக்கு ரன் கிடையாது, அவனே தேயிலைக்குள் இறங்கிப் பந்தைத் தேடி எடுத்து வரவேண்டும் என்பது மலைக் கிராமங்களில் பிள்ளைகளே போட்டுக்கொண்ட சட்டம்! இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் சமன்படுத்தித் தாருங்கள் என்று கேட்டால் அதிகாரிகளிடம் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கும்: "நிதி இல்லை."

நிதி இல்லையா? அல்லது நமக்கு மட்டும் இல்லையா?

2025 நவம்பரில் டெல்லியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள 102 ஏக்கரில் 'விளையாட்டு நகரம்' கட்டப்போகிறார்களாம். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய ஸ்டேடியம் அது. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக 900 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டிப் புதுப்பித்தார்கள். அந்தச் செலவுக்குப் பதினைந்து வயதுதான் ஆகிறது, அதற்குள் இடிப்பு! அதே நவம்பரில் 2030 காமன்வெல்த் விளையாட்டை நடத்தும் உரிமை அகமதாபாத்துக்குக் கிடைத்தது. அங்கே மொடேராவில் 1,32,000 பேர் உட்காரும் நரேந்திர மோடி ஸ்டேடியத்தின் பக்கத்தில் மிகப்பெரிய விளையாட்டு வளாகத்துக்கு 2021-லேயே அடிக்கல் நாட்டியாயிற்று.

இனி அடுத்த பாட்டு என்ன என்பது தெரிந்ததுதான். "ஸ்டேடியம் மட்டும் கட்டினால் நட்டம், பக்கத்தில் குடியிருப்பு, ஓட்டல், வணிக வளாகம் எல்லாம் சேர்த்துக் கட்டினால் வருமானம் வரும். தனியார் பணம் போடுவார்கள், அரசுக்குச் செலவே இல்லை" என்பார்கள். கேட்பதற்கு எவ்வளவு இனிமை! இந்த இனிப்பை நாடு ஏற்கெனவே ஒருமுறை தின்றிருக்கிறது. என்ன விலை கொடுத்தோம் என்று பார்ப்போம்.

யமுனைக் கரையில் நடந்த கூத்து

2010 விளையாட்டுக்கு வந்த வீரர்கள் தங்குவதற்கு யமுனைக் கரையில் அக்ஷர்தாம் அருகே ஒரு குடியிருப்பு கட்டப்பட்டது. நிலம் டெல்லி வளர்ச்சி ஆணையத்தினுடையது, அதாவது மக்களுடையது. கட்டியது எமார் எம்.ஜி.எஃப். என்ற தனியார் நிறுவனம். மொத்தம் 1,168 வீடுகள். விளையாட்டு முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கு வீடு ஆணையத்துக்கு, மீதியைக் கட்டியவர் சந்தையில் விற்றுக்கொள்வார். இதுதான் ஒப்பந்தம். அரசுக்குச் செலவே இல்லை என்று அன்றும் சொன்னார்கள்.

2008-ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. வீடு வாங்க ஆள் இல்லை. கட்டியவர் கையை விரித்தார். சாதாரண வியாபாரி என்றால் என்ன நடக்கும்? நட்டம் அவன் தலையில் விழும், கடன்காரன் வாசலில் வந்து நிற்பான். இங்கே நடந்தது வேறு! 2009-ல் ஆணையமே ஓடிப்போய் அந்த நிறுவனத்தின் பங்கிலிருந்து 333 வீடுகளை 766 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரியாக வீட்டுக்கு 2 கோடியே 30 லட்சம்! சொந்த நிலத்தில் எழுந்த வீட்டை, சொந்தப் பணத்தைக் கொடுத்து, அடுத்தவரிடமிருந்து வாங்கிய அரசு இது. மத்திய தணிக்கை அதிகாரியின் 2011 அறிக்கை இந்த உதவியைக் கடுமையாகக் கண்டித்தது. பிறகு கட்டுமானக் குறைகளுக்காக 183 கோடி ரூபாய் வங்கி உத்தரவாதத்தைப் பறிமுதல் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதாவது காசு கொடுத்து வாங்கிய சரக்கும் சொத்தைச் சரக்கு!

அந்த நாட்களில் கல்மாடியின் பெயரைச் சொல்லாத பத்திரிகை இல்லை. யார் திருடினார், எவ்வளவு திருடினார் என்ற கதைக்குள் நாம் போகவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. அமலாக்கத் துறை அந்த வழக்கை முடித்துக்கொள்வதாகத் தந்த அறிக்கையை 2025-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டும் விட்டது. நம்முடைய குற்றச்சாட்டு அதைவிடப் பெரியது. யாரும் ஒரு பைசா திருடாமல் இருந்திருந்தாலும் அந்த 766 கோடி போயிருக்கும்!

எப்படி என்கிறீர்களா? விளையாட்டுக்கு ஒரு தேதி உண்டு. 2010 அக்டோபர் 3 என்றால் 3-தான், தள்ளிப்போட முடியாது. எழுபதுக்கும் மேற்பட்ட அணிகள் பெட்டியோடு வந்து இறங்கும். அந்தத் தேதி கட்டுகிறவர் கையில் இருக்கும் அரிவாள். "பணம் இல்லை, வேலையை நிறுத்துகிறேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாட்டின் மானம் என்று சொல்லி அமைச்சர்கள் கஜானாவைத் திறந்துவிடுவார்கள். இலாபம் வந்தால் அவருக்கு, நட்டம் வந்தால் நமக்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதப்படாத முதல் விதி.

ஊழலே இல்லாத நாட்டில் இப்படி நடக்காது என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். நம் ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் உழைக்கும் நாடு. அரசாங்கம் கணக்கில் கறார் என்று பெயர் வாங்கிய நாடு. அங்கே கல்லாங்கில் 133 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில் ஸ்டேடியமும் அதை ஒட்டி வணிக வளாகமும் தனியார் கூட்டு நிறுவனம் கட்டி 2014-ல் திறந்தது. 25 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 19 கோடியே 37 லட்சம் டாலர் அரசு தரவேண்டும் என்பது ஏற்பாடு. பாதி தூரம்கூடப் போகவில்லை. ஒப்பந்தத்தை முறித்துப் பணம் கொடுத்து 2022 டிசம்பரில் அரசே எடுத்துக்கொண்டது. சிங்கப்பூராலேயே சமாளிக்க முடியாததை நம் அதிகாரிகள் சமாளிப்பார்களாம், நம்புவோமாக!

யாருடைய பணம்? யாருடைய நிலம்?

766 கோடி என்றால் எவ்வளவு என்று நமக்கு உறைப்பதில்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 490 பேரூராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைக் கோடி கொடுத்தாலும் மீதி இருக்கும். சோலூரும், நடுவட்டமும், தேவர்சோலையும், ஓவேலியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒன்றரைக் கோடியில் மைதானம், தடுப்புச் சுவர், கழிப்பறை, மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை என்று எத்தனை வேலை செய்யலாம்! விற்காத 333 வீட்டுக்காக அத்தனையும் போயிற்று.

அது மட்டுமா? தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்துக்கென்று ஒதுக்கிய சிறப்புத் திட்ட நிதியிலிருந்து சுமார் 680 கோடி ரூபாயை டெல்லி அரசு அதே விளையாட்டுப் பணிகளுக்குத் திருப்பிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் இது வெட்ட வெளிச்சமானது. 2010 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் அது தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏழையின் கல்விக்கும் வீட்டுக்கும் வைத்த பணம் பாலத்துக்கும் ஸ்டேடியத்துக்கும் போனது. இன்று அவர்கள் பணம் என்று நாம் சும்மா இருந்தால், நாளை யார் பங்கில் கை வைப்பார்கள் என்பதைச் சகோதரர்கள் யோசிக்க வேண்டும்.

நிலத்தின் கதையும் இதே கதைதான். யமுனைக் கரையின் புஷ்டா குடிசைப் பகுதியிலிருந்து 2004-ல் பல்லாயிரம் குடும்பங்களை வாரித் தூக்கி நகரத்துக்கு வெளியே பவானாவில் போட்டார்கள். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த கூலிகள், ரிக்ஷாக்காரர்கள். அவர்களில் கணிசமானோர் முஸ்லிம்கள். ஆற்றங்கரை அசுத்தமாகிறது என்பது அவர்கள் மீது சுமத்திய குற்றம். பிறகு அதே ஆற்றின் மறுகரையில் கோடி ரூபாய் வீடுகள் எழுந்தன! அந்த இடம் ஆற்றுப் படுகையே அல்ல என்று 2009-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தீர்ப்புக்குத் தலைவணங்குகிறோம். ஆனால் குடிசைக்கு ஓர் அளவுகோல், மாடி வீட்டுக்கு இன்னோர் அளவுகோலா என்று கேட்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை.

தேயிலைத் தொழிலாளிகள் நிறைந்த நம் மலைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று மலேசியாவில் இருக்கிறது. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டியவர்கள் தமிழர்கள். அந்த வட்டாரத்தில்தான் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்குத் தேசிய ஸ்டேடியம் எழுந்தது. பின்னால் அதைப் புதுப்பித்த நிறுவனத்துக்குப் பணத்துக்குப் பதில் பக்கத்து நிலத்தையே கொடுப்பது என்று ஏற்பாடு. நிறுவனத்துக்கு நிலம் கிடைக்கிறது! தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்த தோட்டக் குடும்பங்களோ, குடியிருக்கக் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று பல்லாண்டு போராட வேண்டியிருந்தது.

டெல்லி தூரம், உதகை பக்கம்

இதெல்லாம் எங்கோ நடப்பது, நமக்கென்ன என்கிறவர்களுக்காகத்தான் இந்தப் பகுதி.

உதகை நகரத்தின் நடுவயிற்றில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், குதிரைப் பந்தய மைதானம் இருக்கிறது. 52 ஏக்கர் அரசு நிலம். மெட்ராஸ் ரேஸ் கிளப்பின் குத்தகை 1978-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பந்தயம் ஓடிற்று! குத்தகை நிலுவை 822 கோடி ரூபாய் என்று வருவாய்த் துறை கணக்குக் காட்டியது. நீதிமன்றப் படிகளில் வழக்கு ஏறி இறங்கி, ஒருவழியாக 2024 ஜூலையில் நிலம் அரசின் கைக்கு வந்தது. அதைச் செய்த அரசைப் பாராட்டுகிறோம். பூங்கா அமைப்போம் என்று அறிவித்ததையும் வரவேற்கிறோம்.

ஆனால் அதே உதகை மார்க்கெட்டில் 2021-ல் என்ன நடந்தது? வாடகையை உயர்த்தினார்கள், பாக்கி என்று சொல்லி நூற்றுக்கணக்கான கடைகளுக்கு நகராட்சி சீல் வைத்தது. காய்கறிக் கடை, கறிக்கடை, மளிகைக் கடை. இவர்களில் நம்மவர்களும் உண்டு, எல்லாச் சமுதாயத்தாரும் உண்டு. கொரோனாவில் கடை திறக்க முடியாமல் கிடந்தவர்கள். பந்தயக் கிளப்புக்கு நாற்பது ஆண்டு பொறுமை. கறிவேப்பிலை விற்பவனுக்கு ஒரே நாளில் அரக்கு முத்திரை! கடைக்காரன் வாடகை கட்டத்தான் வேண்டும், மறுக்கவில்லை. அந்தக் கண்டிப்பு பெரிய இடத்தைப் பார்த்ததும் ஏன் பதுங்குகிறது என்பதுதான் கேள்வி.

52 ஏக்கர் சமதரை, நகரத்தின் நடுவில், சுற்றுலா ஊரில்! கட்டுமானக்காரர் எவருக்குத்தான் நாக்கில் நீர் ஊறாது? இன்று பூங்கா என்பார்கள். நாளை பூங்காவைப் பராமரிக்க வருமானம் வேண்டும், ஓர் ஓரத்தில் வணிக வளாகம் என்பார்கள். மறுநாள் விளையாட்டு அரங்கமும் அதை ஒட்டிச் சொகுசு விடுதியும் வரும். 'அரசு – தனியார் கூட்டு' என்ற பலகையும் கூடவே வரும். அப்படி ஒரு திட்டம் வந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. வருவதற்கு முன்பே வாசலில் நின்று கேட்க வேண்டும் என்கிறோம். வந்த பின் கேட்டவர்கள் கதையைத்தான் மேலே பார்த்தோமே!

அந்தப் பள்ளம் தண்ணீருக்குச் சொந்தமான இடம் என்பதையும் மறக்கக் கூடாது. சல்லிவன் காலத்தில் வெட்டிய ஏரி அன்று இதைவிடப் பெரிது. பேருந்து நிலையமும் பந்தய மைதானமும் ஏரி சுருங்கிய இடத்தில் வந்தவை. கனமழை பெய்தால் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலையில் பக்கத்து வயநாட்டில் ஊரே புதைந்தது. இங்கே சாதாரணக் குடும்பம் ஏழு மீட்டர் உயரத்துக்கு மேல் வீடு கட்ட முடியாது. ஒரு மாடி எடுக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஸ்டேடியம் என்ற பெயரைச் சொன்னால் அது வளைந்து கொடுக்கக் கூடாது.

"அப்படியானால் மைதானம் பராமரிக்கப் பணம் எங்கிருந்து வரும்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சுற்றிலும் சிறு கடைகளை நகராட்சியே கட்டட்டும், பகிரங்க ஏலத்தில் விடட்டும், சீல் வைக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரட்டும். அந்த வாடகை மைதானக் கணக்குக்குப் போகட்டும். நூறு ரூபாய் வந்தாலும் நூறும் நம்முடையது. விற்காத வீட்டை வாங்கவேண்டிய தலையெழுத்தாவது வராது.

எனவே உதகை, சோலூர் சகோதரர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணம் கட்டி, மாவட்ட நிர்வாகத்துக்கு மூன்று கேள்விகளை அனுப்புங்கள். பந்தய மைதான நிலத்தில் தனியார் எவருக்காவது கட்டும் உரிமையோ குத்தகையோ தர உத்தேசம் உண்டா? உண்டென்றால், நட்டம் வந்தால் அரசு ஈடுகட்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா? சோலூர் பேரூராட்சியில் விளையாட்டு மைதானத்துக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு? முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். வந்த பதிலை எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்; வரிக்கு வரி அப்படியே வெளியிடுகிறோம்.