விடுமுறைக்கும் திட்டம் வேண்டும்

பள்ளிக்கூடம் மூடப்பட்டு நீண்ட விடுமுறை தொடங்கியதும் மாணவச் செல்வங்களின் உள்ளம் துள்ளுகிறது. பெற்றோர் உள்ளத்திலோ கவலை குடியேறுகிறது. தாயும் தந்தையும் விடியற்காலையில் வேலைக்குச் சென்றுவிட்டால், பகல் முழுவதும் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? என்ன செய்வார்கள்? இக்கேள்விக்கு முன்கூட்டியே விடை காணாத விடுமுறை ஆபத்தான விடுமுறை என்பது நமது கருத்தாகும்.

நாம் வாழும் வட சிலாங்கூர் வட்டாரம் ரப்பருக்கும் செம்பனைக்கும் மட்டும் பெயர் பெற்றதன்று. ஈயத்திற்கும் பெயர் பெற்றிருந்தது. முன்னர்ப் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவின் சுற்றுப்புறத்தில் பல்லாண்டுகள் ஈயம் தோண்டப்பட்டது. ஈயம் போயிற்று; குட்டைகள் எஞ்சின. பார்வைக்கு அவை அழகிய ஏரிகளே. ஆனால் கரை மண் இளகியது. நாலடி எடுத்து வைப்பதற்குள் திடீரென ஆழம் இறங்கிவிடும். இத்தகைய குட்டைகளில் குளிக்கச் சென்று மீளாத சிறுவர்களைப் பற்றி எத்தனையோ முறை நாளிதழ்களில் படித்து நெஞ்சம் பதைத்திருக்கிறோம்.

நீரைக் கண்டால் ஆசை கொள்வது பிள்ளைகளின் இயல்பு. அதைக் குறை கூறிப் பயனில்லை. "அங்கே போகாதே" என்று தடுப்பது மட்டும் போதாது. "வா, நான் அழைத்துச் செல்கிறேன்" என்று கூறுவதும் பெற்றோரின் கடமையாகும்.

எங்கே அழைத்துச் செல்வது? பேராக் மாநிலத்திலுள்ள தைப்பிங் ஏரிப் பூங்காவை நாம் முதலில் கூறுவோம். அதுவும் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலமே! கைவிடப்பட்ட அந்நிலத்தைப் பூங்காவாக்கும் பணி 1880ஆம் ஆண்டில் தொடங்கியது. இன்று அங்கே தெளிந்த ஏரிகளும், நீரின்மேல் கிளை தாழ்த்தி நிற்கும் முதிய தூங்குமூஞ்சி மரங்களும் காண்போர் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. மனிதன் கெடுத்த நிலத்தை மனிதனே திருத்தவும் முடியும் என்னும் பாடத்தை அந்த ஏரிக்கரை கற்பிக்கிறது. 1883இல் தொடங்கப்பெற்ற பேராக் அரும்பொருளகமும், 1961இல் அமைந்த மிருகக்காட்சி சாலையும் அந்நகரிலேயே உள்ளன. மலாயாவின் முதல் ரயில் 1885இல் ஓடியதும் தைப்பிங்கிலிருந்துதான்.

"அன்றாடச் செலவுக்கே திண்டாடும் நமக்கு உல்லாசப் பயணமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் தைப்பூசத்திற்குப் பத்துமலை செல்ல நாம் மாதக்கணக்கில் உண்டியலில் பணம் சேர்க்கிறோம் அல்லவா? உறவினர் திருமணத்திற்கு ஓராண்டு முன்பே திட்டமிடுகிறோம் அல்லவா? திட்டமிடத் தெரியாதவர்கள் அல்லர் நாம். பிள்ளைகளின் விடுமுறையை அவ்வரிசையில் சேர்க்காமல் இருந்துவிட்டோம், அவ்வளவே.

ஆண்டுத் தொடக்கத்திலேயே வீட்டில் ஓர் உண்டியல் வைப்போம். வாரம் ஒரு வெள்ளி போட்டாலும் ஆண்டு முடிவில் ஐம்பது வெள்ளிக்கு மேல் சேரும். நான்கைந்து குடும்பங்கள் ஒன்றுகூடி வண்டி அமர்த்தினால் வாடகைச் சுமை குறையும். புளிச்சோறு கட்டிக்கொண்டால் உணவுச் செலவும் குறையும். வேலைக்கு விடுப்பு வேண்டுவோர் முன்னதாகவே கேட்டுப் பெறுதல் நன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் மழை மிகுதி. தைப்பிங்கோ நாட்டிலேயே மழை மிகுந்த நகரங்களுள் ஒன்று. பெரும்பாலும் பிற்பகலில்தான் மழை பிடிக்கும். ஆகவே, விடியுமுன் புறப்பட்டுக் காலையில் ஏரிக்கரையையும் பிற்பகலில் அரும்பொருளகத்தையும் காண்பது அறிவுடைமை. குடையை மறக்கலாகாது! கணக்கு எழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்தால் அதுவே நல்லதொரு கணக்குப் பாடமுமாகும்.

அவ்வளவு தொலைவு செல்ல இயலாதோர் மனம் தளர வேண்டியதில்லை. கோல சிலாங்கூரில் 1987இல் அமைந்த இயற்கைப் பூங்கா இருக்கிறது. அருகே புக்கிட் மெலாவத்திக் குன்றில் 1907இல் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கம் நிற்கிறது. கம்போங் குவாந்தானில், சிலாங்கூர் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் இரவுதோறும் மின்மினிகள் ஒளி வீசுகின்றன. அவற்றைக் காண அயல்நாட்டார் விமானம் ஏறி வருகிறார்கள். அதே ஆற்றுக்கு அருகில் வாழும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அக்காட்சியைக் கண்டிருக்கிறார்கள்? இதை ஒவ்வொரு பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர்களே! பெரியோர் துணையின்றி எந்தக் குட்டையிலும் ஆற்றிலும் இறங்காதீர்கள். பெற்றோர்களே! விடுமுறையில் ஒரே ஒரு நாளையேனும் உங்கள் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். அந்த நாள் எது என்பதை இன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள். நாள் குறித்துக் காத்திருக்கும் பிள்ளை, குட்டையை நாடிப் போகாது.